ஒன்றாவதே போதும்

பீர்க்கன்கரணை
9-1-2025

மரியே வாழ்க

அன்புத் தம்பி சவுரிமுத்துவுக்கு அக்கா அமலராணி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நாங்கள் எல்லோரும் சுகம். ஆபரேஷன் செய்த தொண்டையில் வலி குறைந்ததா, கஞ்சி தவிர வேறு ஏதாவது இறங்குகிறதா என்று எழுது. உனக்குப் பேச்சு இல்லை, எனக்குப் போனைக் காதில் வைத்தால் இரைச்சல்தான். போன் கம்பெனிக்காரன் நம் இரண்டு பேரை நம்பியிருந்தால் பட்டினி கிடப்பான். அதனால்தான் இன்லண்ட் லெட்டர் வாங்கினேன். தபாலாபீஸில் இருந்த பெண் தூசி தட்டிக் கொடுத்தாள்.

முதலில் பிள்ளைகள் விஷயம். பெரியவன் மகள் கிறிஸ்டினா அயர்லாந்தில் ஒரு வார்டுக்கே தலைமை நர்ஸாகிவிட்டாள். அவளுக்குக் கீழே வெள்ளைக்காரிகளே ஏழு பேர். அவள் தங்கை ஜான்சி பேங்க் பரீட்சை முதல் தடவையிலேயே பாஸ் செய்து கோவிலம்பாக்கம் கிளையில் ஆபீசராக உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடி அறை, தனி மின்விசிறி. சின்னவன் அன்புவின் மகன் எழில் இஞ்சினீயரிங்கில் காலேஜுக்கே இரண்டாவது. முதலாவது வந்த பையன் சிபாரிசு என்று பேசிக்கொள்கிறார்கள். இப்போது கிண்டியில் வேலை. ஜூன் இரண்டாம் தேதியிலிருந்து ஒரகடம் பக்கம் புது வண்டிகளைச் சோதித்துப் பார்க்கும் கம்பெனியில் சேருகிறான். கடைக்கு வருவதற்கு முன்னால் அந்த வண்டியை முதலில் ஓட்டுகிறவன் என் பேரன்தான். நாற்பது பேர் போனதில் எடுத்தது மூன்று பேரை.

அவன் ஒரு கார் வாங்கியிருக்கிறான். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார், பழையது. இரண்டே கதவு, இரண்டே சீட், சிவப்பு. இஞ்சின் பலத்தை என்னமோ செய்து ஏற்றிவிட்டான். இப்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் இஞ்சின் கத்துகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. கிளட்ச் நழுவுகிறதாம். பழைய கிளட்ச் இந்தப் பலத்தைத் தாங்காது, வெளியில் விற்கிற பலமான கிளட்ச்சாகப் பார்த்துப் போடவேண்டும் என்கிறான். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் சொன்னேன், "உன் கோயமுத்தூர் தாத்தா ரேஸ் கார் ஷெட்டில் முப்பத்தொரு வருஷம் கிளட்ச்சோடு குடித்தனம் நடத்தியவர், அவரைக் கேட்டுவிட்டுச் செய்" என்று. எது போடலாம் என்று எழுது. பையனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்தான், தொண்ணூற்றெட்டு வாங்கினான். கடிதத்தை நான் படித்துச் சொல்வேன். இஞ்சினீயருக்கு அஞ்சாங்கிளாஸ்காரி படித்துச் சொல்கிறாள் பார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா அமலராணி

---

கோவை
20-1-2025

அக்காவுக்கு,

சுகம். இட்லி இறங்குகிறது. சாம்பார் போட்டால்தான் இருமல்.

பிள்ளைகள் செய்தி படித்து மகளிடம் காட்டினேன். சந்தோஷம்.

கிளட்ச் விஷயம். எல்லோரும் வண்டியைப் பார்த்துக் கிளட்ச் வாங்குகிறார்கள். அது பாதிதான். மீதிப் பாதி ஓட்டுகிறவன் இடது காலைப் பார்த்து வாங்குவது. அதனால் சில கேள்வி. இந்த வண்டி ரேஸுக்கா, ரோட்டுக்கா? இஞ்சின் பலத்தை எவ்வளவு ஏற்றினான்? தினமும் ஓட்டுவானா? ஒரு நாள் கூட உட்கார்ந்து போ. கிளட்ச்சை எத்தனை தரம் மிதிக்கிறான் என்று எண்ணு.

இரண்டு வருடம் முன்பு காலேஜில் பந்து விளையாடி எழிலுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆயிற்று என்று அன்பு சொன்னான். எந்தக் கால் என்று எழுது.

இப்படிக்கு
சவுரி

---

பீர்க்கன்கரணை
3-2-2025

மரியே வாழ்க

அன்புத் தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே பனி விட்டுவிட்டது, என் மூட்டு வலி விடவில்லை. மற்றபடி சுகம். நீ சாம்பாரைத் தொடாதே, ரசம் குடி.

நீ சொன்னபடி போனேன். அந்தக் காரில் ஏறுவது கட்டிலுக்கு அடியில் விழுந்த காசை எடுப்பது மாதிரி. உட்கார்ந்த பிறகு சுகமாகத்தான் இருந்தது. பள்ளிக்கரணையில் உஸ்மான் என்பவர் கடைக்குப் போனோம். எண்ணுவதற்கு எனக்கு விரல் போதாது, அதனால் செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஒரு மிதிக்கு ஒரு மணி. ஐம்பத்து மூன்று மணியும் முடிந்தபோது சேலையூர்கூட வரவில்லை. மேடவாக்கம் தாண்டுவதற்குள் மூன்று சுற்று முடிந்துவிட்டது. எழில் சிரிக்கிறான். "ஆயா, அருள் நிறைந்த மரியே சொல்றியா, கிளட்ச் எண்றியா?" என்றான். இரண்டும்தான் என்றேன்.

அந்த உஸ்மான் நல்ல மனுஷர். மூன்று பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"மூணு ஸ்டேஜ் கீது பாட்டிமா. ஒண்ணாவது, கம்பெனி கிளட்ச்சுக்குக் கொஞ்சம் பலம் ஏத்தினது. ரெண்டாவது நடுவுல. மூணாவது ரேஸ் ஐட்டம். கடிச்சா வுடாது."

"எது ஒசத்தி?" என்று கேட்டேன்.

"ஒசத்தின்னு இல்ல பாட்டிமா. இன்னா யூஸுக்குன்னு பார்க்கணும்."

"மூணுன்னா ஒண்ணுக்கு மேலதானே?"

சிரித்துவிட்டார். "மேலதான். ஆனா தெனம் டிராபிக்ல ஓட்டினா பேஜார் குடுக்கும். சார்தான் சொல்லணும்."

எழில் மூன்றாவது பெட்டியைத் திறந்தான். வட்டத் தகடு, சுற்றிலும் ஆறு செம்புத் துண்டு, கோயிலில் நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரம் தூக்கிக் காட்டுகிற மாதிரி பளபளவென்று இருந்தது. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். பிறகு மூடிவிட்டு, "தாத்தா லெட்டர் வரட்டும். அவர் எதைச் சொல்றாரோ அதைப் போட்டுடலாம்" என்றான். உன்மேல் அவ்வளவு மரியாதை.

வண்டி ரோட்டுக்குத்தான். கிண்டிக்குத் தினமும் போய் வருகிறான். இஞ்சின் பலம் கால்வாசி கூடியிருக்கிறது என்றான். எது என்று சீக்கிரம் எழுது.

மாதா துணையோடு
அமலராணி

---

கோவை
12-2-2025

அக்காவுக்கு,

சுகம். ரசம் குடிக்கிறேன்.

செபமாலையில் எண்ணியது நல்ல வேலை. முப்பது வருடத்தில் எனக்கு இது தோன்றவில்லை. கீழே எழுதுவதை எழிலுக்கு அப்படியே படித்துக் காட்டு.

தம்பி எழில், ஒன்றாவதே போதும். நீ ஏற்றிய பலத்தை அது தாங்கும், கொஞ்சம் மிச்சமும் வைக்கும். மூன்றாவது, கோடு போட்ட மைதானத்தில் பத்துச் சுற்று ஓட்டிவிட்டு இறங்குகிறவனுக்கு. அதில் பாதி பிடிப்பு என்பது கிடையாது, பிடித்தால் முழுதாகப் பிடிக்கும். ஊர்ந்து போகிற இடத்தில் வண்டி துள்ளும். பெடல் கனம் இரண்டு மடங்காகும். எங்கள் ஷெட்டில் எடை பார்க்கும் மிஷினைக் காலுக்கும் பெடலுக்கும் நடுவில் வைத்துப் பார்ப்போம். சாதா வண்டியில் பன்னிரண்டு கிலோ காட்டும். இதில் இருபத்தைந்து. உன் ஆயா எண்ணியதை இருபத்தைந்தால் பெருக்கிப் பார். நீ ரேஸ் ஓட்டுகிறவன் இல்லை, பெருங்களத்தூர் சிக்னலில் நிற்கிறவன். எதைப் போட்டாலும் கிளட்ச் ஒட்டுகிற ஃப்ளைவீல் சக்கரத்தின் முகத்தைக் கடைந்து சமப்படுத்திவிட்டுப் போடு. முதல் எண்ணூறு கிலோமீட்டர் அடித்து ஓட்டாதே.

அக்கா, எந்தக் கால் என்று நீ எழுதவில்லை.

சவுரி

---

பீர்க்கன்கரணை
2-3-2025

மரியே வாழ்க

தம்பிக்கு. சுகம், சுகமறிய ஆவல். சாம்பல் புதன் வருகிறது, நீ ஒருசந்தி இருக்காதே, உடம்பு தாங்காது. பங்குச் சாமியாரே விதிவிலக்குத் தருவார்.

உன் கடிதம் கிடைத்தது. எழிலுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்பச் சந்தோஷப்பட்டான். அடுத்த நாளே உஸ்மான் கடைக்குப் போய் வாங்கி வந்து மாட்டியும் ஆயிற்று. ஃப்ளைவீல் கடைந்தாயிற்று. இப்போது மிதித்தால் வண்டி பறக்கிறது. தெருவில் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள்.

நீ எழுதியதில் ஒரு வார்த்தை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. சிக்னலில் நிற்கிறவன் என்று எழுதியிருந்தாய். நாற்பது பேரில் தேறிய பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா? நம் வீட்டில் நமக்குத்தான் எதிலும் ஒன்றாவதே போதும் என்று ஆயிற்று. பிள்ளைகளுக்குமா?

சரி, போகட்டும். மகள், மருமகனுக்கு என் ஆசீர்வாதம்.

அக்கா

---

கோவை
11-3-2025

அக்காவுக்கு,

சுகம். நீ கோபப்படுவாய் என்று நினைக்கவில்லை. நானும் சிக்னலில் நிற்கிறவன்தான்.

எந்த கிளட்ச் போட்டீர்கள் என்று எழுதவில்லை. ஒன்றாவதுதானே? அது பறக்காது.

எந்தக் கால் என்றும் எழுதவில்லை. மூன்றாம் முறை கேட்கிறேன்.

சவுரி

---

பீர்க்கன்கரணை
24-4-2025

மரியே வாழ்க

அன்புத் தம்பிக்கு உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்து. பதில் எழுதத் தாமதம். தவக்காலம், பெரிய வெள்ளி, வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்று நாள் ஓடிவிட்டது. சிலுவைப்பாதைக்கு எழில் வந்தான். பதினான்கு ஸ்தலத்துக்கும் முழந்தாளிடவில்லை, நின்றான். பிள்ளைக்கு வேலைக் களைப்பு.

மாம்பழம் வந்துவிட்டது, இன்னும் புளிப்புதான். ஜான்சிக்கு நல்ல இடத்திலிருந்து கேட்டு வருகிறார்கள். கிறிஸ்டினா எனக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறாள். தாம்பரத்து வெயிலில் நான் அதைப் போட்டு யாருக்குக் காட்ட?

ஒரு விஷயம். எதிர்வீட்டு ஜெபராஜ் சார் உன்னைக் கேட்டு எழுதச் சொன்னார். அவர் வண்டியில் கிளட்ச் பெடல் கனமாக இருக்கிறதாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கால் வீங்கிவிடுகிறதாம். ஐஸ் வைத்தால் இறங்குகிறது, மறுநாள் மறுபடி. வண்டியைப் பிரிக்காமல் பெடலை மட்டும் லேசாக்க ஏதாவது வழி உண்டா? எண்ணெய் போட்டால் ஆகுமா? அவர் ரொம்பக் கேட்டுக்கொண்டார். மெனக்கெட்டு எழுது.

அமலராணி

---

கோவை
2-5-2025

அக்கா,

ஜெபராஜ் சாரை எனக்குத் தெரியும். போன தடவை வந்தபோது அவர்தான் என்னைப் பெருங்களத்தூரில் கொண்டுவந்து விட்டார். அவரிடம் இருப்பது கியர் இல்லாத ஸ்கூட்டர். அதில் கிளட்ச் பெடல் கிடையாது.

எண்ணெய் போட்டு ஆகாது. பிரித்து மாற்றவேண்டும். அதுவரை எழில் அந்த வண்டியை எடுக்கக்கூடாது. ரயிலில் போகட்டும். கால் வீங்குகிறதென்றால் தைத்த இடம் இழுபடுகிறது. ஒரு நாள் மேட்டில் வண்டி நிற்கும்போது கால் சொன்னபடி கேட்காது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பா பம்பாய் மில்லில் இருந்தபோது அவர் கடிதத்தை நீதான் அம்மாவுக்குப் படிப்பாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் உன் விரல் ஒரு வரியைத் தாண்டுவது தெரியும். அப்பா கையில் இரண்டு விரல் இல்லாமல் ரயிலை விட்டு இறங்கியபோது அம்மா பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அதை எழுதாமல் இருந்திருக்கமாட்டார்.

என் கடிதத்தையும் அப்படித்தான் படித்தாயா?

இதை இன்றைக்கே எழிலிடம் சொல். நீ சொல்லமாட்டாய் என்றால் தமிழ் படிக்கத் தெரிந்த வேறு யாரிடமாவது கொடு.

சவுரி

---

பீர்க்கன்கரணை
20-6-2025

தம்பி சவுரிமுத்துவுக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை. இந்தத் தடவை எழுதவில்லை.

உன் கடிதம் மே ஏழாம் தேதி புதன்கிழமை வந்தது. படித்துவிட்டுப் பைபிளுக்குள் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் வீட்டில் இருக்கும்போது பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது.

பெருங்களத்தூர் மேம்பாலம் ஏறுகிற இடம். முக்கால் மணி நேரம் நின்று நின்று நகர்ந்திருக்கிறது. காலில் நடுக்கம் வந்து, பெடலிலிருந்து நழுவிவிட்டது. வண்டி துள்ளி முன்னால் நின்ற தண்ணீர் வேனில் இடித்தது. வேனுக்கு ஒன்றும் இல்லை. வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. இவன் மறுபடி மிதிக்கப் போய் முழங்கால் திருகிவிட்டது. பழையபடி அதே ஜவ்வு அறுந்துவிட்டது. இரண்டாம் தடவை ஆபரேஷன். இடது கால், தம்பி. நீ மூன்று முறை கேட்டாய். இடது கால்தான்.

கம்பெனியில் மரியாதையாகத்தான் சொன்னார்கள். கால் இப்படி இருந்தால் ஓட்டும் வேலை தரமுடியாது, குணமான பிறகு பார்க்கலாம் என்று. வேறு ஒருவனை எடுத்துவிட்டார்கள்.

நான் எந்தக் கால் என்று எழுதாததற்குக் காரணம் அந்த வேலைதான். இன்லண்ட் லெட்டர் எத்தனை கை மாறுகிறதோ, பேரனுக்கு ஊனம் என்று ஒரு பேச்சு வந்துவிடக்கூடாது என்று பயந்தேன். ஒன்றாவதே போதும் என்று நீ எழுதியதை நான் படிக்காததற்குக் காரணம் அதுகூட இல்லை. அவன் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னா ஆயா சொல்றாரு, சீக்கிரம் படி" என்று முகத்தைப் பார்த்தான். அந்த முகத்துக்கு ஒன்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிறிஸ்டினாவுக்குக் கீழே ஏழு பேர், ஜான்சிக்குக் கண்ணாடி அறை, இவனுக்கு மட்டும் மூன்றில் கடைசியா என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளைப் பார்த்தபடியே, "மூன்றாவதுதான் உனக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறார்" என்றேன். ஃப்ளைவீல் வரியைச் சரியாகப் படித்தேன். எண்ணூறு கிலோமீட்டரையும் சரியாகப் படித்தேன்.

உஸ்மான் பாய் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். "நான் அப்பவே சொன்னேனே சார், தெனம் ஓட்ட ஆவாதுன்னு. தாத்தா சொல்லிட்டாருன்னு சொன்னதால வாய மூடிக்கினேன்" என்றார்.

எழில் அதற்கு என்ன சொன்னான் தெரியுமா? "விடுங்க பாய். தாத்தாவுக்கு வயசாயிடுச்சி. அந்தக் காலத்து வண்டியை நெனச்சிச் சொல்லியிருப்பாரு." பிறகு என் கையைப் பிடித்து, "ஆயா, நீ தாத்தாவுக்கு எதுவும் எழுதாத. பாவம், மனசு கஷ்டப்படுவாரு" என்றான்.

நான் அங்கேயே, கட்டில் பக்கத்தில்தான் நின்றேன். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து அவனுக்குக் கொடுத்தேன். 

அமலராணி

---

கோவை
2-7-2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு நாள் கழித்துத்தான் முழுதாகப் படிக்க முடிந்தது.

ஷெட்டில் முப்பத்தொரு வருடத்தில் நான் தவறான கிளட்ச் சொல்லி யாரும் காலை உடைத்துக்கொண்டது இல்லை. அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதை எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் எழுதாமல் விடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று நாம் பார்த்துவிட்டோம்.

என் தப்பும் ஒன்று இருக்கிறது. மார்ச் மாதமே எனக்குச் சந்தேகம். இரண்டு தடவை பஸ் நிலையம் வரை போனேன். தொண்டையில் ஓட்டையோடு உன் வீட்டுக்கு வந்து, உன் மருமகள் முன்னால் சீட்டில் எழுதிக் காட்டிப் பேசவேண்டுமே என்று வெட்கமாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். இன்னொரு கடிதம் போடலாம் என்று தோன்றியது. உனக்குக் கடிதம் போட்டுப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தும் போட்டேன்.

நான் அவனுக்குச் சொல்ல முடியாது. எனக்குப் பேச்சு இல்லை, அவனுக்குத் தமிழ்ப் படிப்பு இல்லை. யாரையாவது வைத்துச் சொல்லலாம். ஆனால் அது நீ சொன்னதாகாது.

அவன் என்னைத் தப்பாக நினைத்தால் நினைக்கட்டும். ஆனால் அவன் இனிமேல் யாரை எதற்குக் கேட்டாலும், பெரியவர்களைக் கேட்டதால்தான் கெட்டேன் என்று ஒரு நினைப்பு இருக்கும். அதை எடுத்துவிடு.

சவுரி

---

கோவை
4-9-2025

அக்கா, உடம்பு எப்படி இருக்கிறது? மழை பிடித்துவிட்டதா?

சொன்னாயா?

சவுரி

---

பீர்க்கன்கரணை
19-10-2025

மரியே வாழ்க

பூனாவில் இருக்கும் என் பேரன் எழிலுக்கு ஆயா அமலராணி எழுதுவது.

நாங்கள் சுகம். அப்பாவுக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா உனக்கு முறுக்கு அனுப்பியிருக்கிறாள், இந்தக் கடிதத்துக்கு முன்னால் வந்துவிடும். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயாம். முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொள்.

நீ இதைப் படிக்கமாட்டாய் என்று தெரியும். உன் அறையில் கூட இருக்கும் தூத்துக்குடிப் பையன் வில்பிரட் படித்துச் சொல்லட்டும். வில்பிரட் தம்பி, நீ யாரோ எவரோ, உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதில் எழுதியிருப்பதை ஒரு வரிகூட விடாமல் படி. அவன் முகம் மாறினாலும் நிறுத்தாதே. படித்து முடித்துவிட்டு வேண்டுமானால் வெளியே போய் நின்றுகொள்.

எழில், கோயமுத்தூர் தாத்தா உன்னை மூன்றாவது கிளட்ச் போடச் சொல்லவில்லை. ஒன்றாவதே போதும் என்றுதான் எழுதினார். மூன்றாவது வேண்டாம் என்று காரணத்தோடு எழுதினார். உன் கால் எந்தக் கால் என்று மூன்று தடவை கேட்டார். நான்தான் மாற்றிப் படித்தேன். அவர் எழுதிய காகிதத்தையே இதோடு வைத்திருக்கிறேன். தேதி பார்த்துக்கொள்ளுங்கள். "தம்பி எழில்" என்று ஆரம்பிக்கிறது. உன் பேருக்கு வந்த கடிதம் அது. எட்டு மாதம் நான் வைத்துக்கொண்டேன்.

அவருக்கு வயசாகிவிட்டதால் தப்பாகச் சொன்னார் என்று உஸ்மான் பாயிடம் சொன்னாயே, அப்போது என் கையில் ஆரஞ்சு இருந்தது. சொல்லியிருக்கலாம். தாம்பரம் ஸ்டேஷனில் உன்னை வண்டி ஏற்றிவிட வந்தபோதும் சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டும் என்றுதான் முழங்கால் வலியோடு படி ஏறி அந்தப் பிளாட்பாரம் வரை வந்தேன். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மேலே வைத்து, இன்னொரு காலைக் கையால் தூக்கி வைத்தாய். அதைப் பார்த்ததும், "சாப்பாடு ஜாக்கிரதை" என்று மட்டும் சொன்னேன். நீ, "சரி ஆயா" என்றாய்.

உன்னை உசத்தியாக வைக்க வேண்டும் என்று நினைத்தேன். நீ கேட்டது அதை இல்லை. எது சரி என்றுதான் கேட்டாய். ஓட்டும் வேலை போய்விட்டது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யாரோ ஓட்டிய வண்டியின் கணக்கைப் பார்க்கிறாய் என்று அப்பா சொன்னார். இதற்கு நான் மன்னிப்புக் கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. தாத்தாவுக்கு மட்டும் எழுது. தமிழில் வேண்டாம், உனக்குத் தெரிந்த பாஷையில் எழுது. அவர் மகள் படித்துச் சொல்வாள். அவள் வரி தாண்டமாட்டாள்.

நான் தெருவில் யாரிடமும் இப்போது உங்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஜெபராஜ் சார் நேற்று நிறுத்தி, "பேரன் எப்படி இருக்கான், டெஸ்ட் டிரைவர் ஆயிட்டானா?" என்று கேட்டார். "இல்லை சார். இடது கால் போய்விட்டது, என்னால்தான் போயிற்று" என்றேன். அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்னவோ, தலையாட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பாதே, அதை யாராவது எனக்குக் காட்டினால்தான் உண்டு. தலையிலிருந்து பாதம் வரைக்கும் முழுசாகத் தெரியவேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எடுக்காதே, நின்று எடு. ஊன்றுகோல் வைத்திருந்தால் அதையும் கையிலேயே வைத்துக்கொள். எனக்காக அதை ஓரமாக ஒளித்துவைக்காதே.

உன் ஆயா
அமலராணி